பால்கனியில் செடிச்சுவரா, தொட்டியா, ஹாலுக்குள் பச்சையா?

சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டோடு வருகிற பால்கனி, பெரும்பாலும் 4 அடிக்கு 10 அடி. ஒரு மூலையில் வாஷிங் மெஷின், இன்னொரு மூலையில் ஏசியின் அவுட்டோர் யூனிட், மேலே துணிக்கொடி, வெளியே புறா வலை. இவ்வளவும் போக மிஞ்சும் இடத்தில்தான் இன்ஸ்டாகிராமில் பார்த்த தோட்டம் வந்தாக வேண்டும்.

இதற்கு நான்கு வழி சொல்கிறார்கள். சுவர் முழுக்கச் செடி ஏற்றும் செடிச்சுவர். தரையிலும் கம்பியிலும் தொட்டிகள். பால்கனியை விட்டுவிட்டு ஹாலுக்குள் இண்டோர் செடிகள். நான்காவது, உயிருள்ள செடியே வேண்டாம், வாழையிலை வால்பேப்பரும் பிளாஸ்டிக் பச்சையும் போதும் என்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிருள்ள செடிகள் பால்கனியில், அதுவும் குறைவாக, பெரிய தொட்டிகளில். ஹாலுக்குள் செடியின் சாயல் மட்டும் போதும். சோபாவில் உட்கார்ந்தால் பால்கனிச் செடி கண்ணில் படும்படி வைத்துவிட்டால், ஹாலுக்குள் ஏழெட்டுத் தொட்டி வைக்க வேண்டிய தேவையே இருக்காது.

முதலில் திசை

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதியைப் பால்கனியின் திசையே முடிவு செய்துவிடும். இங்கேதான் வெளிநாட்டு வீடியோக்கள் நம்மை ஏமாற்றுகின்றன. ‘தெற்கு ஜன்னலில்தான் வெயில் அதிகம்’ என்று லண்டன்காரர் சொன்னால் அது அவருக்கு வருஷம் முழுக்க உண்மை. சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடு வரை சற்று வடக்கே தள்ளியே நகர்கிறது. அதனால் கத்திரி வெயில் ஊரையே வறுக்கும் மே மாதத்தில், தெற்கு பார்த்த பால்கனியில் நேர் வெயிலே விழாது. மேல்மாடியின் தளம் மறைத்துவிடும். அதே பால்கனியில் டிசம்பரில் சூரியன் சாய்ந்து ஹால் வாசல் வரைக்கும் வரும். வடக்கு பார்த்த பால்கனி நேர் எதிர்: மே, ஜூன், ஜூலையில் காலையும் மாலையும் சாய்வெயில் எட்டிப் பார்க்கும், குளிர்காலம் முழுக்க நிழல்.

கிழக்கு பார்த்த பால்கனி கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் துளசி, சங்குப்பூ, ஓமவல்லி, கீரை வரை எல்லாம் வரும். மேற்குதான் சிக்கல். மதியம் இரண்டு மணிக்கு மேல் அடிக்கிற வெயில் ஒருபக்கம், சூடேறிய சுவர் இரவு வரைக்கும் விடுகிற அனல் இன்னொரு பக்கம். அங்கே சின்னத் தொட்டி எதுவும் மே மாதத்தைத் தாண்டாது.

எதிரே இன்னொரு அடுக்குமாடி நின்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பகல் பதினொரு மணிக்குச் செடி வைக்க நினைக்கும் இடத்தில் வெள்ளைத் தாளைப் போட்டு, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் தெளிவாக நிழல் விழுந்தால் அது பூச்செடிக்கான வெளிச்சம். மங்கலாகக் கை என்று மட்டும் தெரிந்தால் இலைச்செடிக்குச் சரி. நிழலே தெரியவில்லையா, அங்கே என்ன வைத்தாலும் அது வளராது, மெதுவாகச் சாகும்.

செடிச்சுவர்

படத்தில் அழகாக இருப்பது இதுதான், மறுக்கவில்லை. பாரிஸில் கே பிரான்லி அருங்காட்சியகத்தின் சுவரை மூடியிருக்கும் பாட்ரிக் பிளாங்கின் தோட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அவருடைய முறையில் மண்ணே கிடையாது. கம்பளி போன்ற ஃபெல்ட் துணியில் வேர் பரவும், உரம் கலந்த நீர் குழாய் வழியாக நேரம் தவறாமல் மேலிருந்து கசியும். மோட்டார், டைமர், வந்து பார்க்க ஆள் எல்லாம் அந்த அழகுக்குள் அடக்கம்.

நமக்கு விற்கப்படுவது வேறு. இரும்புச் சட்டத்தில் வரிசையாக மாட்டிய பிளாஸ்டிக் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டருக்கும் குறைவான மண். மே மாதத்தில் அது காலையில் ஊற்றினால் மாலைக்குள் காய்ந்துவிடும். சொட்டுநீர்க் குழாய் போட்டாலும் மேல் வரிசை காயும், கீழ் வரிசை ஊறி அழுகும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விடாமல் மாட்டிவிட்டால், ஒரு மழைக்காலம் முடிந்ததும் உள்பக்கப் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். அப்புறம் கீழ்வீட்டுக்காரர். அவர் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் செம்மண் நீர் ஒருமுறை சொட்டினால் போதும், அசோசியேஷன் கூட்டத்தில் அன்றைய முதல் பேச்சு உங்கள் தோட்டம்தான்.

எண்பது பாக்கெட் வைத்த சுவரில் பத்துச் செடி செத்தாலே ஓட்டைப் பல் மாதிரி தெரியும். அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாதாமாதம் ஆள் வந்து பராமரிக்க ஒப்பந்தம் போடும் அலுவலகங்களுக்கு இது சரி. வீட்டுக்கு, என்னைக் கேட்டால், வேண்டாம்.

சுவர் முழுக்கப் பச்சை வேண்டும் என்கிற ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. ஒரே ஒரு பெரிய தொட்டி, பக்கத்தில் கிரில்லோ மூங்கில் தட்டியோ, அதில் ஒரு கொடி. வெயில் வருகிற பக்கம் சங்குப்பூ. தண்ணீர் ஊற்ற அடிக்கடி மறப்பவர்களுக்குப் பிரண்டை: நாலு பட்டையாக, கணுக்கணுவாக ஏறும் அந்தத் தண்டை வெள்ளைச் சுவருக்கு எதிரே பார்த்தால் எந்த விலை உயர்ந்த கள்ளிக்கும் குறைந்ததில்லை. மிஞ்சியது துவையலுக்கு.

நிழல் பால்கனிக்கு என் தேர்வு வெற்றிலை. எல்லாரும் மணி பிளான்ட் ஏற்றுகிற இடத்தில் இதை ஏற்றலாம். அதே இதய வடிவ இலை, இன்னும் கரும்பச்சை, மேலே எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு, நரம்புகள் பள்ளமாக ஓடுவதால் கிட்டே பார்த்தால் தைத்த மெத்தை போலத் தெரியும். கணுவில் சின்னதாக வேர்விட்டு, ஈரமான தட்டியைத் தானே பற்றிக்கொள்ளும். சோழவந்தானிலும் ஆத்தூரிலும் (புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை ஊர்கள்) கொடிக்காலில் அகத்தி நிழலில்தான் இதை வளர்க்கிறார்கள், அதனால் நேர் வெயில் இல்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு ஆகாதது அனல்காற்று. மேற்குப் பால்கனியிலும் ஏசி யூனிட் ஊதுகிற வழியிலும் வைத்தால் இலை ஓரம் கருகும். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது.

தொட்டிகள்: எத்தனை, எதில்

சின்ன இடத்தில் சின்னத் தொட்டி என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் இருபது சின்னத் தொட்டிகளை விட நாலைந்து பெரிய தொட்டிகள் அழகு, வேலையும் குறைவு. மண் அதிகம் என்றால் ஈரம் நிற்கும். ஒருநாள் ஊற்ற மறந்தாலும் செடி மன்னிக்கும். இடமும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் தரை கண்ணில் படுகிறது. உயரமான செடி ஒன்று மூலையில், நடுத்தரம் இரண்டு, கம்பிப் பக்கம் படர்வது ஒன்று. இவ்வளவுதான்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 அங்குலத் தொட்டி சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அதில் வெறும் தோட்டமண்ணைப் போட்டு நனைத்தால் 25 கிலோவுக்கு வந்துவிடும். கோகோபீட்டும் (தென்னைநார்த் தூள்) மண்புழு உரமும் பாதிக்கு மேல் கலந்து கொஞ்சம் செம்மண் சேர்த்தால் ஏறக்குறைய அதில் பாதிதான். குடியிருப்பு பால்கனிகளைச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875. ஆட்கள், மெஷின், தொட்டி எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பால்கனி என்றால் கனமானவற்றை வெளி ஓரத்தில் அடுக்காமல், வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள்.

கோகோபீட் வாங்கும்போது ஒரு விஷயம். விலை குறைந்த கட்டிகளில் உப்பு நிறைய இருக்கும். ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நாற்றின் இலை நுனி எரிந்துபோய், வியாதி என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருப்பீர்கள். சென்னை போர்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் உப்பு ஏற்கனவே போதுமான அளவு. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதும் நல்லதல்ல, உப்பு செறிந்து வருவது அதுதான். மாறாக ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இல்லை. அதைக் குடத்தில் பிடித்து வெற்றிலைக்கும் பெரணிக்கும் ஊற்றலாம்.

மண்தொட்டி சுவாசிக்கும் என்பார்கள். உண்மை, அதன் பக்கவாட்டில் நீர் ஆவியாகி வேர் குளிர்ச்சியாக இருக்கும். அதே காரணத்தால் சீக்கிரம் காயும், நம் தண்ணீருக்கு வெளியே வெள்ளை உப்பும் பூக்கும். அந்த வெள்ளைத் திட்டு எனக்குப் பிடிக்கும், பழைய வீட்டு முற்றத்துக் களை வரும். பிடிக்காதவர்கள் மாதம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்க்க வேண்டியதுதான். மேற்குப் பால்கனிக்கு நல்ல கனமுள்ள வெளிர்நிற பிளாஸ்டிக் மேல். கறுப்புத் தொட்டி அங்கே வேரை வேகவைத்துவிடும். பீங்கான் தொட்டிகளில் பலவற்றுக்கு அடியில் ஓட்டை கிடையாது; அதில் நேரடியாக நடாமல், நர்சரி தொட்டியோடு அப்படியே உள்ளே இறக்கிவையுங்கள். வளர்பைகள் மலிவு, இலேசு, ஆனால் பார்வைக்கு வரிசையாகச் சாக்கு வைத்தது போலத்தான். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிற மாடித்தோட்டத் தளையில் (கிட்) வளர்பை, தென்னைநார்க் கட்டி, காய்கறி விதை எல்லாம் இருக்கும், நல்ல ஏற்பாடு. ஆனால் அது பெயருக்கேற்ப மொட்டைமாடிக்கானது. தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். பால்கனியில் அவை உயரமாக, வெளுத்து, காய்க்காமல் நிற்கும்.

அழகு என்று வரும்போது செடியின் ரகத்தை விடத் தொட்டியின் ஒற்றுமை முக்கியம். எல்லாம் மண்நிறம், அல்லது எல்லாம் வெள்ளை. சாதாரணச் செடிகள் கூட ஒரே நிறத் தொட்டியில் வரிசையாக நின்றால் யாரோ யோசித்து வைத்தது போல இருக்கும். அபூர்வச் செடி வாங்கும் காசில் பாதியை இதற்குச் செலவழியுங்கள்.

நர்சரியிலிருந்து வந்தவுடன் ஒன்று செய்யுங்கள். ஆந்திராவின் கடியம் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வரும் செடிகளின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும், பயணத்தில் உதிராமல் இருப்பதற்காக. அதை அப்படியே நட்டால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும், உள்ளே வேர் காய்ந்திருக்கும். வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வேர் அறாமல் களிமண்ணைக் கரைத்துவிட்டு நடுங்கள்.

ஹாலுக்குள் செடி

செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் இவற்றை அதிகம் விற்கிறார்கள். அந்தப் பேச்சு தொடங்கியது 1989-ல் வெளிவந்த நாசா ஆய்விலிருந்து. அது காற்றோட்டம் இல்லாத சிறு அடைப்பறைகளில் செய்தது. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்: சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வைக்க வேண்டுமாம். ஆக, ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல். செடியை அழகுக்காக வையுங்கள், அது போதுமான காரணம்.

வெளிச்சம்தான் இங்கே உண்மையான தடை. வெளியே நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும். பால்கனி நிழல் சில ஆயிரங்கள். ஹாலின் உள்சுவர் ஓரம், நமக்கு வெளிச்சமாகத் தெரிகிற இடத்தில்கூட, நூறு இருநூறுதான். கண் பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. இந்த அரைஇருட்டைத் தாங்குகிறவை சில உண்டு: கிழங்கில் நீர் சேமித்துக்கொள்ளும் சீசீ பிளான்ட், நம்மூர் மருளின் உறவான பாம்புச் செடி, மணி பிளான்ட். தாங்கும் என்றுதான் சொன்னேன், செழிக்கும் என்று சொல்லவில்லை. இவற்றை அதிகம் கொல்வது தண்ணீர். வெளிச்சம் குறைந்த இடத்தில் மண் காயவே பத்துப் பதினைந்து நாள் ஆகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கைக்குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் மணி பிளான்ட்டையும் சீசீயையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இவற்றின் இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே சமாச்சாரம், வாயில் பட்டால் எரியும்.

ஹாலுக்குச் செடி வேண்டியே தீரும் என்றால் இரட்டை வாங்குங்கள். ஒன்று உள்ளே, ஒன்று பால்கனி நிழலில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி வைத்தால் இரண்டும் பிழைக்கும். இதை ஒழுங்காகச் செய்ய முடியாதவர்களுக்கு அடுத்த வழி இருக்கிறது.

செடியின் சாயல்

பிளாஸ்டிக் செடியை இளக்காரமாகப் பேசுபவன் இல்லை நான். கதவில்லாத பரணுக்கு மேலே, பாத்ரூம் அலமாரியில், கண்ணுக்கு ஆறடி தள்ளி வைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் டீப்பாய் மேல் வைத்தால், சென்னைத் தூசி பத்தே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். உயிருள்ள செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் இதற்குத் துடைக்கப் போகும். வெயிலில் வைத்தால் பச்சை நீலமாக வெளுக்கும். பால்கனிக் கம்பியில் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் இலைத்தட்டியை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

வால்பேப்பரில் பெரிய பெரிய வாழையிலை, மான்ஸ்டெரா இலை இப்போது எல்லா இடத்திலும். சின்ன ஹாலில் ஒரு சுவருக்கு மேல் போனால் உணவகத்தில் உட்கார்ந்தது போலாகிவிடும். கடலோர ஈரத்தில் ஓரம் பிரியவும் செய்யும். என்னைக் கேட்டால், நம்மிடமே இருக்கிற தாவர அலங்காரங்கள் இதைவிட நயமானவை. ஆத்தங்குடிக் கற்களில் பூவும் இலையும் கொண்ட வகைகள் இருக்கின்றன. தரை முழுக்க மாற்ற வேண்டியதில்லை, நாலு கல் வாங்கி ஒரு சின்ன மேசைக்கு மேல்பலகையாகப் பதிக்கலாம். பத்தமடைக் கோரைப்பாயின் சின்ன அளவைச் சட்டம் போட்டு மாட்டலாம். வாசலில் பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பி அன்றைய பூவை மிதக்கவிடுவதற்கு ஈடாக எந்த டெக்கார் கடையிலும் எதுவும் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் மலிவான வழி, பால்கனியில் வளர்கிற குரோட்டனிலோ அரிக்கா பாமிலோ ஒரு கிளையை வெட்டி உயரமான கண்ணாடி ஜாடியில் வைப்பது. ஒரே ஒரு தண்டு. ஒருவாரம் பத்து நாள் நிற்கும், வாடினால் அடுத்தது. ஹாலுக்குள் செடி வைத்த முழுப் பலனும் இதில் கிடைத்துவிடுகிறது; வெளிச்சம் இல்லை என்ற பிரச்சினையே எழாது. ஜாடித் தண்ணீரையும் உருளித் தண்ணீரையும், தொட்டி அடியில் இருக்கும் தட்டையும் வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கழுவியாக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சுத்தமான கொஞ்சத் தண்ணீர் போதும், முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள்தான். மாநகராட்சி ஆள் வந்து முதலில் எட்டிப் பார்ப்பதும் இந்தத் தட்டுகளைத்தான்.

வாடகை வீடு என்றால்

சுவரில் துளை போடும் எதையும் விட்டுவிடுங்கள். மூன்று படி ஸ்டாண்ட் ஒன்று, பெரிய தொட்டி நாலைந்து, எல்லாம் லிஃப்டில் ஏறுகிற அளவில். கம்பியில் மாட்டும் தொட்டிகள் வாங்கினால் கொக்கி உள்பக்கமாகத் தொங்கும்படி மாட்டுங்கள். வெளிப்பக்கம் தொங்கினால் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஐந்தாம் மாடியிலிருந்து மூன்று கிலோ தொட்டி விழுந்தால் கீழே நிற்பவர் தலை என்னாவது? 2016 டிசம்பரில் வர்தா புயல் ஊரின் பெரிய மரங்களையே சாய்த்துவிட்டுப் போனது. அக்டோபர் பிறந்ததும் கம்பித் தொட்டிகளைக் கழற்றித் தரையில், சுவர் ஓரமாக இறக்கிவிட்டுப் பொங்கலுக்குப் பிறகு மறுபடி ஏற்றலாம். அந்த மூன்று மாதமும் அடித்தட்டுகளையும் எடுத்துவிடுங்கள், மழைத்தண்ணீர் நிற்காது.